கையெழுத்துப் போடாத பயணி

2008ஆம் ஆண்டு ஆனி மாதம் என் அம்மா யோசெப்பின் ஒரு போர் விமானத்தை வென்றார். முழு விமானத்தையும் அல்ல. பின் இருக்கையை மட்டும், அதுவும் இருபது நிமிடத்துக்கு.

அவர் துப்புரவு செய்யும் அலுவலகக் கட்டடத்தில் வெள்ளிக்கிழமைகளில் சீட்டுக் குலுக்குவார்கள். முதற்பரிசு எப்போதும் வைன் போத்தல். அம்மா வைன் குடிப்பதில்லை, ஆனால் சீட்டு எடுக்காமல் விட்டதும் இல்லை. அன்று இரண்டாம் பரிசு முட்டை அடிக்கும் மின் கருவி. மூன்றாம் பரிசு, ஒரு பழைய ஜெட் கழகத்தின் விமானத்தில் ஒரு சுற்று. ஐம்பதுகளில் விமானப் படைக்காரர் பயிற்சி எடுத்த ஜெட். அதன் வயது எங்கள் அப்பாவின் வயது.

“உமக்கென்ன விசரே?” என்றார் அப்பா பிலேந்திரன். “முட்டை அடிக்கிறதை மாத்தித் தரச் சொல்லிக் கேளும்.”

“ஊரிலை ரெண்டு வருசம் பொம்மர் குண்டு போட வரேக்கை எல்லாம் பங்கருக்குள்ளை குப்புறக் கிடந்தனான்” என்றார் அம்மா. “கீழை இருந்து பாத்தது காணும். ஒருக்கா மேலை இருந்து பாப்பம்.”

“அது விழுந்தால்?”

“இவ்வளவு நாளும் அது போட்டதுகள்தானே விழுந்தது. ஒருக்கா அது விழட்டுமன்.”

அப்பா கார்ச் சாவியை ஒளித்துவைத்தார். நாங்கள் ரயிலிலும் பிறகு பஸ்ஸிலும் போனோம்.

நான் போனது மொழிபெயர்ப்பாளராக. பெற்றோருக்கு வரும் நோர்வேஜியக் கடிதங்களைத் தமிழாக்குவது ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளின் கட்டாய இராணுவ சேவை. நான் ஏழு வயதில் சேர்க்கப்பட்டேன். ‘வகுப்பில் வாய் மூடுவதில்லை’ என்று ஆசிரியை எழுதினால் என் மொழிபெயர்ப்பில் அது ‘பேச்சுத் திறன் மிக்கவர்’ என்று வரும். பத்தொன்பது வயதில், பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் முடித்திருந்தபோது, இந்தக் கலையில் எனக்கு நல்ல தேர்ச்சி இருந்தது.

ஒஸ்லோவிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் ஒரு புல்வெளி, ஒரு கொட்டகை, வெளியே வெள்ளி நிறத்தில் அந்த ஜெட். விமானி ஸ்டெய்னார், ஓய்வு பெற்ற விமானப் படைக்காரர். அம்மாவைத் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்தார், சுரிதாருக்கு மேலே ஒரு செம்மஞ்சள் அங்கியை மாட்டிவிட்டார், என் கையில் ஒரு தாளைத் தந்தார். அவர்களுடைய ஷெமா. நோர்வேயில் பிறப்பதற்கும் சாவதற்கும் நிரப்ப வேண்டிய படிவம்.

நான் வாசித்தேன்.

“என்னடா எழுதிக் கிடக்கு?”

“பாதுகாப்பா இருக்கச் சொல்லி...”

“டேய். உன்ரை ஆசிரியை எழுதின கடிதம் மாதிரிச் சொல்லாதை. எழுத்துக்கு எழுத்துச் சொல்லு.”

பன்னிரண்டு வருட சேவையும் வீண். எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறார்.

எழுத்துக்கு எழுத்துச் சொன்னேன். இந்த விமானம் பயணிகள் விமானத்துக்குரிய பாதுகாப்புத் தரத்தில் கட்டப்பட்டதல்ல. ஆபத்து வந்தால் ஆளை வெளியே தூக்கி எறியும் இருக்கை செயலிழக்கச் செய்யப்பட்டுள்ளது. காயம், மரணம் எல்லாம் பயணியின் சொந்தப் பொறுப்பு.

“கதிரை ஆளைத் தூக்கி எறியாதாமோ?”

“எறியாதாம்.”

“எங்கட சோபாவும் எறியாது. பரவாயில்லை, உள்ளதைச் சொல்லியிருக்கிறாங்கள். பேனையைத் தா.”

பேனையைத் தேடி நான் பையைக் கிளறிய அரை நிமிடத்தில்தான் அம்மா கொட்டகைக் கதவைப் பார்த்தார். கதவில் கவ்வியில் ஒரு தாள் தொங்கியது. ஒவ்வொரு பறப்புக்கும் முன்னால் சக்கரம், பிரேக், எரிபொருள் கசிவு, கண்ணாடி மூடியின் கொளுக்கி ஆகியவற்றைப் பார்த்ததாக மெக்கானிக் நேரத்தோடு ஒப்பமிடும் தாள். அம்மாவின் வேலையிடத்தில் கழிப்பறைக் கதவுகளில் இதே மாதிரித் தாள்தான் தொங்கும்.

எங்கள் பறப்பு 13.30க்கு. 13.07க்கு எல்லாம் பார்த்தாயிற்று என்று தாள் சொன்னது.

“தம்பி, நாங்கள் எத்தினை மணியிலை இருந்து இதிலை நிக்கிறம்?”

“பன்ரெண்டே முக்காலிலை இருந்து.”

“ஆராவது பிளேனுக்குக் கிட்டப் போனவையோ?”

ஒருவரும் போகவில்லை. மெக்கானிக் கொட்டகை மூலையில் கோழி வேசம் போட்ட ஒருவனோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார். கோழி அடுத்த பயணி. அடுத்த வாரம் கல்யாணமாம். இந்த நாட்டு வழக்கப்படி மாப்பிள்ளையைக் கேலி செய்ய நண்பர்கள் வேசம் கட்டிக் கூட்டி வந்திருந்தார்கள்.

அம்மா தாளின் அடிப்பகுதியைத் தொட்டார். அது பின்பக்கமாக மடித்துக் கவ்விக்குள் செருகப்பட்டிருந்தது. விரித்தார். 14.06. 15.08. இன்னும் வராத நேரங்களுக்கு ஒப்பங்கள், ஒரே பேனையில், போகப் போகச் சோம்பல் கூடிய கிறுக்கலில்.

“மூண்டு மணி எண்டு முழுசாப் போட்டால் பிடிபட்டிடும்” என்றார் அம்மா மெதுவாக. “மூண்டு எட்டு எண்டு போட்டால்தான் உண்மை மாதிரி இருக்கும். மிச்சத்தை மடிச்சு விட்டால் எங்களை மேய்க்கிற போமன் பாக்கமாட்டான். பதினைஞ்சு வருசமா நாங்கள் செய்யிற வேலையடா இது.”

இந்த ஒப்புதல் வாக்குமூலத்தை நான் நோர்வேஜியத்தில் பெயர்க்கவில்லை.

“சொல்லு அவருக்கு” என்றார்.

“அம்மா இந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் அறிய விரும்புகிறார்” என்றேன் ஸ்டெய்னாரிடம், பழைய தேர்ச்சியோடு.

அம்மாவிடம் சொந்தமாகவும் நோர்வேஜியம் இருந்தது. வேலையிடத்தில் ஏச்சு வாங்கிச் சேர்த்தது. “நீ பொய்” என்றார் அதில். “இந்தத் தாள் பொய்.”

ஸ்டெய்னாரின் சிரிப்பு சற்றுச் சுருங்கியது. “காலையில் எல்லாம் முழுமையாகப் பார்த்தோம். தெ கோர் ப்ரா.” எல்லாம் நல்லபடி நடக்கும் என்று பொருள். இந்த நாடு இதைச் சொல்லித்தான் பனியில் கார் ஓட்டுகிறது.

“காலமை கழுவின கக்கூசை மத்தியானமும் கழுவினதெண்டு எழுதலாமோ எண்டு கேள்.”

கேட்டேன். அதற்குரிய நோர்வேஜியச் சொல் எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது.

“உங்களுக்குப் பயமென்றால் பறக்கத் தேவையில்லை” என்றார் ஸ்டெய்னார். “அடுத்தவர் காத்திருக்கிறார்.”

அது பிழையான வசனம். அம்மா என்னைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார், பிறகு ஏணியில் ஏறினார். பின் இருக்கையில் இருந்து, தலைக்கவசத்தைப் போட்டு, வார்களைத் தானே பூட்டினார்.

ஸ்டெய்னாருக்கு நிம்மதி. “கையெழுத்து?” என்று தாளை மேலே நீட்டினார்.

“போடமாட்டன்.”

“அப்படியானால் இறங்க வேண்டும். கையெழுத்து இல்லாத பயணியோடு பறக்கக் காப்புறுதி விடாது.”

“இறங்கவும் மாட்டன்.”

கையெழுத்துப் போடாத பயணியோடு விமானம் எழும்ப முடியாது. இறங்காத பயணி இருக்கும்வரை அடுத்த பயணி ஏற முடியாது. சட்டத்தை மதிக்கும் நாட்டின் விமானப் படையால் பயிற்றப்பட்டவருக்கு இதை எப்படித் தாண்டுவதென்று யாரும் பயிற்றியிருக்கவில்லை.

கைத்தொலைபேசி அடித்தது. அப்பா.

“ஏறீட்டாவோ?”

“ஏறீட்டா.”

“மாதாவே. பறக்குதோ?”

“இல்லை. பிளேனைப் பரிசோதிக்காமல் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறாங்கள். பாக்குமட்டும் இறங்கமாட்டன் எண்டு உள்ளுக்கை இருக்கிறா.”

“இறங்கச் சொல்லிப் போடாதை” என்றார் அப்பா. “அவவின்ரை குளிர்க் கோட்டை மேலை குடு. காத்தடிக்கும்.”

கோழி வந்து என்னிடம் விசாரித்தது. மடித்த தாளைக் காட்டினேன். கோழி 14.06ஐ நெடுநேரம் பார்த்தது. தன் பறப்புக்கான ஒப்பம் அது. கொண்டைத் தொப்பியைக் கழற்றிவிட்டு, “நானும் கையெழுத்துப் போடவில்லை” என்று புல்லில் குந்தியது. நண்பர்கள் ஊளையிட்டார்கள். அது அசையவில்லை.

மணி இரண்டே கால் ஆனபோது மெக்கானிக் கருவிப் பெட்டியோடு வந்தார். சக்கரம் பார்த்தார். பிரேக் பார்த்தார். வயிற்றுக்குக் கீழே படுத்து, எரிபொருள் கசிகிறதா என்று மணந்து பார்த்தார். பிறகு ஏணியில் ஏறி, அம்மாவின் தலைக்கு மேலே கண்ணாடி மூடியை இழுத்துச் சாத்திக் கொளுக்கியைத் திருப்பினார். உள்ளிருந்து அம்மா ஒரு விரலால் தள்ளினார். மூடி திறந்தது.

இன்னொரு தடவை திருப்பினார். அம்மா தள்ளினார். திறந்தது.

மூன்றாம் தடவை அம்மா தள்ளவே இல்லை. அதுவாகவே திறந்தது.

மெக்கானிக் இறங்கி வந்து ஸ்டெய்னாரிடம் இரண்டு சொல் சொன்னார். ஸ்டெய்னார் அங்கியின் சிப்பைக் கழுத்திலிருந்து வயிறுவரை திறந்தார். காலையில் மூன்று தடவை இதே மூடியோடு பறந்தவர் அவர்.

“இன்றைக்கு முடிந்தது” என்றார் என்னிடம். “கொளுக்கி மாற்ற இரண்டு கிழமை எடுக்கும். அம்மாவை இறங்கச் சொல்லுங்கள்.”

சொன்னேன்.

“முதலிலை அந்தத் தாளிலை கிடக்கிற பொய்யை வெட்டச் சொல்லு. மடிச்சு வைச்சதையும் சேர்த்து.”

மெக்கானிக் கதவடிக்குப் போய் 13.07ஐக் கோடு போட்டு வெட்டினார். 14.06, 15.08. அம்மா கழுத்தை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு வார்களைக் கழற்றி இறங்கினார். காற்றில் அவர் முகம் சிவந்திருந்தது. ஸ்டெய்னாருக்கு முன்னால் போய் நின்றார். ஸ்டெய்னாரின் நெஞ்சுயரம்தான்.

“ரெண்டு கிழமையாலை வாறன். ஷெமாவுக்குக் கையெழுத்துப் போடுவன், செத்தால் என்ரை பொறுப்பெண்டு. ஆனா இந்த ஆள் பாக்கேக்கை நான் பக்கத்திலை நிண்டு பாப்பன். இதைச் சொல்லு தம்பி. இனிப்புப் போடாமல் சொல்லு.”

இனிப்புப் போடாமல் சொன்னேன்.