கழுவிக் கொடுத்த கற்கள்

கனகாம்பாளுக்கு ஒரு கொள்கை உண்டு. அடுத்தவர் ஏனத்தைக் கழுவாமல் திருப்பிக் கொடுப்பவள் பெண்ணே இல்லை. குழம்பு வாங்கிய கிண்ணமோ, இரவல் வாங்கிய மண்வெட்டியோ, அவள் வீட்டிலிருந்து பளபளவென்றுதான் திரும்பிப் போகும்.

அந்தக் கொள்கைதான் ஜெசிந்தா மேரியின் தலையில் கல்லைப் போட்டது.

ஜெசிந்தா வில்லியனூர்ப் பக்கத்துப் பெண். ஆற்றுப் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறவள். வெங்காயம் வரும் வலைப் பைகளில் கூழாங்கல் நிரப்பி, அணைக்குக் கீழே ஆற்றில் கட்டிப் போட்டிருந்தாள். ஆறு வாரத்தில் பொடிப் பூச்சிகளும் புழுக்களும் அதில் குடியேறிவிட்டன. இந்நிலையில் அணையைத் திறந்து, ஒரே ஒரு நாள் ஆற்றில் வெள்ளம் விட்டார்கள். அதற்கு முதல் நாள் ஏழு பைகளை எடுத்துப் பூச்சிகளை எண்ணினாள், இரண்டாயிரத்துச் சொச்சம். வெள்ளத்துக்குப் பின் எத்தனை மிஞ்சும் என்பதுதான் அவள் படிப்பே. இனி அடுத்த வருஷம்தான் திறப்பார்கள்.

"தண்ணி வடிஞ்சதும் மிச்ச ஏழு பையையும் எடுத்து வச்சிடுங்கக்கா. காலைல மொத பஸ்ல வந்துடறேன்" என்று, ஆற்றோரம் கத்திரி பயிரிடும் கனகாம்பாளிடம் சொல்லியிருந்தாள்.

கனகாம்பாள் எடுத்தாள். ஒரே சேறு. படித்த பிள்ளை தொடும் கல்லாயிற்றே என்று அலுமினிய அன்னக்கூடையில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவி, சுவர்மேல் வரிசையாக அடுக்கினாள்.

காலையில் ஜெசிந்தா அதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இதுல ஒட்டியிருந்த பூச்சிங்களத்தான்க்கா எண்ணணும்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. கனகாம்பாள் சுவர்மேல் இருந்த கல்லையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "கல்ல எண்ணுவன்னு நெனச்சிட்டேன்மா."

"கழுவுன தண்ணி எங்கக்கா?"

வண்டல் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல், கத்திரிக்கு ஊற்றச் சொல்லி அப்போதுதான் புருஷன் தங்கவேலிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். "யோவ், ஊத்தாத."

தங்கவேல் கூடையை வரப்பில் வைத்துவிட்டு நிதானமாகப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவன் சோம்பேறித்தனத்தை அவள் மனதார வாழ்த்தியது அன்றுதான்.

மூவரும் வெள்ளைத் தட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மத்தியானம்வரை எண்ணினார்கள். முந்நூற்றுப் பதினொன்று. நீந்தித் திரிந்தவை ஏறக்குறைய எல்லாம் போயிருந்தன. கல்லோடு கல்லாக ஒட்டிக்கிடந்த தட்டைப் பூச்சிகள்தான் அதிகம் மிஞ்சியிருந்தன.

கனகாம்பாள் பூதக்கண்ணாடியில் ஒன்றைப் பார்த்தாள். மூன்று வால், ஆறு கால். "இம்மாத்தூண்டு இருந்துகினு அவ்ளோ வெள்ளத்துலயும் இன்னாமா புடிச்சிகினு இருந்திருக்குது" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுங்கதான்க்கா பெருகி மறுபடி ஆத்த நெரப்பும்."

எண்ணியவற்றை ஆற்றில் விட்டுவிட்டு, கூடையைக் கழுவிக் கொடுக்கலாம் என்று ஜெசிந்தா குழாயடிக்குப் போனாள். கனகாம்பாள் ஓடிவந்து பிடுங்கினாள்.

"கழுவாத, குடு. அடியில எதுனா ஒட்டிகினு இருக்கும்."

ஆற்றில் இறங்கி, கூடையை மெதுவாக மூன்று தடவை முக்கி எடுத்தாள். சேறு முழுக்கப் போகவில்லை. அதை அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.