கார் சன்னலில் ஓர் அரிசிப் பை

தையல் பிரிய மறுத்தது. பிரேமலா பிளேடை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். கூடாரம் போடுவதற்காகத் தெருவோரம் தள்ளி நிறுத்தியிருந்த காரில், ஓட்டுநர் இருக்கையில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த அரிசிப் பை. "லென்ஸ் கனம் தாங்கணும், நல்லா அடிச்சுக் குடு" என்று ஜெயபாலன் கேட்டுக்கொண்டதால் பழைய ஜீன்ஸ் துணியில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். புருஷன் சொன்னபடி அவள் செய்த காரியங்கள் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று.

கூடாரத்துக்குள் ஜெயபாலன் பெட்டியில் படுத்திருந்தார். கீழே பட்டு வேட்டி, அது தங்கை செல்வராணியின் பிடிவாதம். மேலே காக்கிச் சட்டை, அது மகள் லோஷினியின் பிடிவாதம். பளிச்சென்ற நிறத்தைக் கண்டால் மிருகங்கள் மிரளும் என்று அவரே துணிக்குப் பேர்போன தங்காக் வரை போய் எடுத்துத் தைத்த சட்டை. பிரேமலாவுக்கும் அதே துணியில் ஒன்று உண்டு. கண்ணாடியில் பார்த்துவிட்டு, வாட்ச்மேன் மாதிரி இருக்கிறது என்று அவள் ஒரு நாள் முழுக்கப் புலம்பியிருந்தாள்.

சற்று முன்புதான் செல்வராணி வந்து கேட்டாள். "அண்ணி, வாய்க்கரிசிக்குப் பச்சரிசி எங்க வெச்சிருக்கீங்க? டப்பா காலியா இருக்கு. கடைக்கு ஆள் அனுப்பவா?"

"வேணாம். கார்ல இருக்கு."

அரிசி எதற்குக் காருக்குப் போனது என்று செல்வராணி கேட்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் எதையாவது உளறுவாள் என்று விட்டிருப்பாள்.

டப்பாவில் இருந்ததை எல்லாம் இந்தப் பைக்குள் கொட்டியவர் ஜெயபாலன். வருஷக்கணக்காக மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் ஃபேக்டரிக்குப் போய் வந்த மனிதர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கென்யாவுக்குப் போய்ச் சிங்கத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. அடுத்த மாதம் பயணம். மனைவிக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து, இருவருக்கும் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் போட்டாகிவிட்டது. அங்கே வண்டியை விட்டு இறங்கக் கூடாதாம். சன்னலில் அரிசிப் பையை வைத்து, அதன் மேல் கேமராவைப் படுக்க வைத்துத்தான் எடுக்க வேண்டுமாம். ஆகவே காலையில் வாசலில் நிற்கும் காருக்குள் ஏறி, கண்ணாடியை இறக்கிவிட்டு, பக்கத்து வீட்டு எவ்லினின் பூனைக்காகக் காத்திருப்பார். போகிற போக்கில் அந்தப் பூனைக்குத் தான் சிங்கம் என்ற நினைப்பே வந்துவிடும் என்று பிரேமலா கிண்டல் செய்வாள்.

அவளுக்கும் பயிற்சி உண்டு. அது வாயை மூடுகிற பயிற்சி. சன்னல் வழியாக அவர் கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினால் யாரும் பேசக் கூடாது, பக்கத்தில் வரக் கூடாது. லோஷினி அப்படியே நின்றுவிடுவாள். பிரேமலா மட்டும், "என்னங்க, பூனை வந்துடுச்சா?" என்று கேட்பாள். பூனை ஓடிவிடும்.

"அங்க வந்தும் இப்படித்தான் பேசுவியா? சிங்கம் போயிடும்லா" என்று அவர் சலித்துக்கொள்வார்.

நேற்றுக் காலை பசியாறக் கூப்பிட அவள் வாசலுக்கு வந்தாள். வாயைத் திறப்பதற்குள் கார் சன்னலில் கை உயர்ந்தது. உள்ளங்கை தெரிந்தது. கை கொஞ்சம் நடுங்கியது. மதில் மேல் பூனையும் இருந்தது. பாவம், ஒரு நாளாவது அவர் சொல்படி நடப்போம் என்று நினைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு அடிமேல் அடி வைத்து உள்ளே போனாள். சத்தம் வராமல் கிரில் கதவைச் சாத்தினாள். இன்றைக்கு என்னைப் பாராட்டாமலா போவார் என்று அடுப்படியில் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

தோசை ஆறிப்போன பிறகுதான் திரும்ப வந்தாள். பூனை இல்லை. ஜெயபாலனின் கன்னம் அரிசிப் பையில் சாய்ந்திருந்தது.

மருத்துவமனையில் டாக்டர், மாரடைப்பு என்றார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால், என்று ஆரம்பித்தவர் இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வந்தவர்கள் எல்லாரும், ஒரு நொடியில் போய்விட்டார், கஷ்டப்படவில்லை, கொடுத்து வைத்தவர் என்றார்கள். ஒவ்வொருவருக்கும் தலையாட்டும்போது பிரேமலாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்தக் கையைத் தூக்கி அவர் தன்னைத்தான் கூப்பிட்டார். அது அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

லோஷினி நேற்றிலிருந்து ஒன்றையேதான் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். "அந்தப் பெரிய லென்ஸ நாந்தானேம்மா வாங்கிக் குடுத்தேன். அவ்வளவு கனத்தத் தூக்கித் தூக்கித்தான் அப்பா நெஞ்சு தாங்கல." உன்னால் இல்லை, என்னால்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளையின் பாரம் இறங்கிவிடும். ஊர்க் கதை எல்லாம் பேசுகிற வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. சொல்லிவிட்டால் இனி எந்த முகத்தோடு மகள் எதிரே சோறு தின்பது என்று பயமாக இருந்தது.

தையல் விட்டது. பையின் நடுவில் லென்ஸ் அழுத்திய பள்ளமும், அதன் பக்கத்தில் இன்னொரு பள்ளமும் இருந்தன. தட்டில் சாய்த்ததும் இரண்டும் போய்விட்டன.

கூடாரத்தில் எல்லாரும் பெட்டியைச் சுற்றி வந்து வாய்க்கரிசி போட்டார்கள். கடைசியாகப் பிரேமலாவை அழைத்து வந்து நிறுத்தினார்கள். அரிசியை அள்ளிய கை அவர் வாயருகே போய் நின்றது. காக்கிச் சட்டையின் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அவள் இடது கையால் அதைச் சரிசெய்தாள். பிறகு அரிசியைப் போட்டாள்.

"வேன் வந்துடுச்சு, மூடிடலாம்" என்று யாரோ சொன்னார்கள்.

பெட்டியின் தலைமாட்டிலிருந்து லோஷினி அவளை நோக்கி வந்தாள். "அம்மா, நாந்தானேம்மா? சொல்லும்மா. நா அத வாங்கித் தராம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாருதானே?"

பிரேமலா வாயைத் திறந்தாள். செல்வராணியும் எவ்லினும் அவளையே பார்த்தார்கள். பெட்டி மூடியை இருவர் தூக்கிக்கொண்டு நின்றார்கள். தன்னைப் பிடித்துக்கொள்ள யாராவது வேண்டும் போல அவளுடைய வலது கை மேலே உயர்ந்தது. உள்ளங்கையில் இரண்டு மூன்று அரிசி ஒட்டியிருந்தது.

லோஷினி நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு வாயை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தாள்.