திரும்பி வந்த மூட்டை

1

இந்தக் கதை என் மச்சினியின் எரிச்சலில் பிறந்தது. "அத்தான், போன சனியன் திரும்பி வந்துருச்சு" என்றாள். வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை இறக்கிப் பிரிக்கும் கிடங்கில் அவள் மேஸ்திரி. கிடங்குச் சுவருக்கு இந்தப் பக்கம் என் வீடு.

முதல் வரி இப்படி இருந்தது: 'கண்டெய்னரின் கதவு திறந்தபோது, உலக வணிகத்தின் கோர முகம்—'

(போதும். கதவு திறந்தது. அவ்வளவுதான்.)

2

கண்டெய்னர் வாசலில் சுத்தமான பாட்டில் மூட்டைகள். சுங்க அதிகாரி எட்டிப் பார்ப்பது அதுவரைதான் என்று அனுப்புகிறவனுக்கும் தெரியும். பின்னால் ஊறிப்போன டயப்பர்களும் எண்ணெய்ப் பிசுக்கு உறைகளும். அவற்றின் நடுவே ஒரு மூட்டையைப் பச்சைத் துப்பட்டாவால் கட்டியிருந்தது. முடிச்சு மச்சினி போட்டது.

மழைக்கு முன் திருப்பி அனுப்பிய சரக்கு. ஏற்றும்போது ஒரு மூட்டை பிய்ந்துகொண்டது. கட்டுக்கம்பி தீர்ந்திருந்தது. தூசிக்காக முகத்தில் சுற்றியிருந்ததை அவிழ்த்துக் கட்டினாள். இப்போது வேறு கண்டெய்னர், வேறு நாட்டு முத்திரை, அதே முடிச்சு.

(துப்பட்டா அவள் அக்காவுடையது. அக்கா என் மனைவி. போன வருடம் மூச்சு முட்டி இறந்தாள். கிடங்கில் கொளுத்தும் புகையாலா என்று கேட்காதீர்கள். டாக்டரிடம் நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்தத் துப்பட்டாவை அவள்—)

3

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "அனுப்பினா, ஊரெல்லாம் சுத்திட்டு மாப்பிள்ளை மாதிரி நம்ம வாசல்லயே வந்து நிக்குது. கொளுத்திடு!"

"சுவருக்கு அந்தப் பக்கம் எங்க அக்கா பொண்ணு இருக்கா. ஏற்கெனவே இழுப்பு."

"அப்ப நீயே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ."

4

முடிவு ஒன்று: அதிகாரியைக் கூப்பிடுகிறாள். அவர் கடைசி வரிசைவரை பார்க்கிறார். படித்துக் காட்டினேன். "இது எந்த ஊர்ல அத்தான்?" என்று சிரித்தாள்.

முடிவு இரண்டு: மறுபடி கப்பலேற்றுகிறாள். வேறொரு கரையில் வேறொருத்தி கொளுத்துகிறாள். அங்கேயும் ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு பெண்பிள்ளை. இது எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

முடிவு மூன்று: அவள் கொளுத்து—

5

துப்பட்டாவைத் துவைத்து என் மேஜையில் வைத்தாள். இன்னும் நாறுகிறது.

"மூட்டையை என்ன பண்ணட்டும்? முதலாளி தீப்பெட்டியோட நிக்கிறார். எழுதுறவர்தானே, ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

அந்தக் கண்டெய்னரில் எங்கள் வீட்டுப் பொருள் இந்தத் துப்பட்டா ஒன்றுதான். எடுத்துக்கொண்டோம். மிச்சத்தின் சொந்தக்காரர் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், கதையை நீங்களே முடியுங்கள். சீக்கிரம். பக்கத்து அறையில் மகள் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். நான் ஜன்னலைச் சாத்தப் போகிறேன்.