பிள்ளையார் குட்டு

நான் மைதானத்தின் நடுவில் நின்று பிள்ளையாருக்குக் குட்டிக்கொள்வதைப் பார்த்து, எதிரணிகள் என்னைப் பெரிய பக்தை என்று நினைத்தன. பக்தியும் நானும் ரொம்ப தூரம். நெற்றிப்பொட்டில் இரண்டு குட்டு என்றால் வேகப் பந்து. காதைத் தொட்டால் மெதுவான பந்து. விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் வளையும் பந்து. பேஸ்பாலில் வழக்கமாக, பேட் பிடிப்பவளுக்குப் பின்னால் உட்காரும் கேட்சர்தான் விரலைக் காட்டி, அடுத்து என்ன பந்து என்று பந்து வீசும் பிட்சருக்குச் சொல்வாள். எனக்குக் கிட்டப்பார்வை, அவ்வளவு தூரத்தில் விரல் எல்லாம் ஒன்றாகத் தெரியும். அதனால் பிட்சரான நான் சைகை காட்டுவேன், எங்கள் கேட்சர் ஸ்நேஹா பார்த்துக்கொள்வாள்.

யோசனை அப்பாவுடையது. வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் குமாஸ்தா அவர். இரண்டு வருஷமாக, சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் ஆபீஸ் சட்டையைக்கூட மாற்றாமல், மட்டாஞ்சேரியில் பூட்டிக் கிடக்கும் மிளகுக் கிடங்கின் சுவருக்கு முன்னால் பேட்டைப் பிடித்து நின்று என் பந்துகளை வாங்கிக்கொண்டவர். "சாமி கும்பிடறதை ஆருடீ சந்தேகப்படுவா?" என்று சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தச் சைகைகள் மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, அப்பாவுக்கு, அடுத்த வீட்டு ஸ்நேஹாவுக்கு. கோச் சேவியர் சாருக்குக்கூடச் சொல்லவில்லை. அவர் பாவம், "பிரார்த்தனை மதி ஸாதனா, போதும், பந்தைப் போடு" என்று கத்திக்கொண்டிருப்பார்.

தகுதிச் சுற்றுக்கு வந்த எட்டு அணிகளில் கடைசியில் மிஞ்சியது நாங்களும் காக்கநாட்டு அணியும். இறுதி ஆட்டத்தில் ஜெயித்தால் மே மாதம் ஜப்பானில் நடக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் போட்டி. அதே மே மாதம் எனக்கு நீட். நான் டாக்டராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. இரண்டையும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "சரி" என்றார். என் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அவர்தான் கையெழுத்துப் போட்டார். ஸ்நேஹாவும் நானும் ஒரே கடையில் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

இறுதி ஆட்டத்தில் முதல் பந்திலேயே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என் மெதுவான பந்துக்கு எல்லோரும் ஏமாறுவார்கள். அன்றைக்கு ஒருத்தியும் ஏமாறவில்லை. நிதானமாகக் காத்திருந்து சாத்தினார்கள். எங்கள் பெண்களும் சளைக்காமல் அடித்ததால் ஐந்தாவது இன்னிங்ஸ் முடிவில் நாலுக்கு நாலு என்று நின்றது.

ஆறாவதில் காக்கநாட்டு அணியின் தன்யா பேட்டோடு வந்தாள். அவள் என் கையைப் பார்க்கவில்லை. என் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் ஸ்நேஹா இந்தத் தன்யாவோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. உடம்பெல்லாம் எரிந்தது. சரி, பார்த்துவிடலாம் என்று காதைத் தொட்டேன். மெதுவான பந்து. ஸ்நேஹா தலையசைத்துச் சாவகாசமாக உட்கார்ந்தாள். நான் எனக்கிருந்த முழு பலத்தையும் திரட்டி வேகப் பந்தை வீசினேன்.

பந்து தன்னைத் தாண்டிப் போன பிறகுதான் தன்யா பேட்டைச் சுழற்றினாள். ஆக, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்நேஹா பதறிக் கையை நீட்ட, பந்து உறையில்லாத வலது கையின் கட்டைவிரலில் போய் இடித்தது. அவள் போட்ட அலறல் மைதானம் முழுக்கக் கேட்டது.

நான் ஓடவில்லை. நடந்துதான் போனேன்.

"காதைத்தானேடீ தொட்டே?" என்று அழுதாள்.

"ஆர்கிட்ட சொன்னே?"

"என்னது?"

"துரோகி" என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாற்றாக வந்த கேட்சரால் என் பந்துகளைப் பிடிக்க முடியவில்லை. கடைசி இன்னிங்ஸில் ஒன்று அவள் கையிலிருந்து நழுவி ஓட, மூன்றாம் பேஸில் நின்ற காக்கநாட்டுக்காரி ஓடி வந்து ரன் எடுத்துவிட்டாள். ஐந்துக்கு நாலு. ஜப்பான் போயிற்று.

கைகுலுக்கும் வரிசையில் தன்யா என் கையை விடவில்லை. "தாங்க்ஸ் சேச்சி. எக்ஸாம் நன்னாயிட்டு எழுதணும், கேட்டோ."

"எந்த எக்ஸாம்?"

அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு மலையாளத்தில் ரகசியமாகச் சொன்னாள். போன ஞாயிற்றுக்கிழமை அங்கிள், அதாவது என் அப்பா, காக்கநாட்டு மைதானத்துக்கு வந்தாராம். எனக்குப் பரீட்சை இருக்கிறதாம், ஜப்பான் போக இஷ்டமில்லையாம், அதைக் கோச்சிடம் சொல்லத் தைரியமில்லையாம். நானே தோற்க விரும்புவதாகச் சொல்லி, மூன்று சைகைகளையும் காட்டிக்கொடுத்தாராம். இப்படி ஒரு அப்பா கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றாள். எனக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில், ஆட்டம் பார்க்க வந்திருந்த அப்பா, "நீ நன்னாத்தான் போட்டே" என்றார்.

"தன்யா சொல்லிட்டா."

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா ஜென்மத்துக்கும் நீ என்னை மன்னிச்சிருக்க மாட்டே. தோத்துட்டா பத்து நாள்ல மறந்துடுவே. உன் நல்லதுக்குத்தான்."

"ஸ்நேஹாவோட வெரலு?"

"அது நீ..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "அவகிட்ட இதெல்லாம் சொல்லிண்டிருக்காதே. வலியோட கெடக்கற கொழந்தே."

அது நான்தான். அதனால்தான் இன்னும் தாங்க முடியவில்லை. தெரிந்தவர்கள் மூன்று பேர் என்று நானே எண்ணியிருக்கிறேன். எண்ணும்போது அப்பாவைத் தாண்டி எண்ணியிருக்கிறேன். ஒரு நிமிஷம்கூட, ஒரு பேச்சுக்குக்கூட, அவர் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்நேஹாவின் கையில் முழங்கை வரைக்கும் கட்டு. என்னை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்ததும் உதடு பிதுங்கியது.

"மாமா, நான் ஆர்கிட்டயும் சொல்லலை. சத்தியமா சொல்லலை. இவ நம்ப மாட்டேங்கறா. நீங்களாவது சொல்லுங்கோ மாமா."

அப்பா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "நேக்குத் தெரியாதா கொழந்தே? நீ சொல்லியிருக்கவே மாட்டே."

அவ்வளவு வாஞ்சையான குரல். பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கும் இதே குரலில்தான் சரி என்றார்.

ஸ்நேஹா மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "கேட்டயோல்லியோ?"

"கேட்டேன்" என்றேன். "அவருக்குத் தெரியாம இருக்குமா? சொன்னதே அவர்தான். காக்கநாட்டுப் பொண்ணுகள்கிட்டப் போய் மூணையும் சொல்லிக்கொடுத்திருக்கார். நான் ஜப்பான் போகக்கூடாதாம்."

அப்பாவின் கை அவள் தலைமேலேயே நின்றுவிட்டது. எடுக்கவும் தெரியாமல், வைத்துக்கொள்ளவும் தெரியாமல் அவர் என்னைப் பார்த்தார். ஸ்நேஹா கட்டுப் போட்ட கையைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு, தலையை மெல்ல அவர் கைக்கு அடியிலிருந்து நகர்த்திக்கொண்டாள்.

நான் அவள் கட்டில் பக்கமாக ஓரடி வைத்தேன்.

"ரெண்டு பேரும் வெளியில போங்கோ" என்றாள்.