விடுபட்ட இருபத்து மூன்று வீடுகள்

தயாளினி கதிரையில் இருந்தாள், எழுந்தாள், ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்து இருந்தாள். காலை ஆறு மணியிலிருந்து இதே கூத்துத்தான். வெளியே பாடசாலை மைதானம் குளமாகிக் கிடந்தது. மூன்று நாளாக அடிக்கிற மழைக்கு ஒரு அலுப்புச் சலிப்பு வேண்டாமா?

சாவகச்சேரிக்குத் தெற்கே, நீரேரியை ஒட்டிய குறுகிய ஒழுங்கைகளில் தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டது. அங்கிருக்கிற சனத்தை ட்ரக்டரில் ஏற்றி இந்தப் பாடசாலைக்குக் கொண்டுவரும் பொறுப்பைச் சனசமூக நிலையம் எடுத்திருந்தது. யாரை ஏற்றியாயிற்று, யார் இன்னும் வீட்டில் என்று போனில் காட்டுகிற பட்டியலை எழுதியவள் தயாளினி. கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறவள், ஊருக்கு இதைச் சும்மா எழுதிக் கொடுத்தாள். சும்மா கொடுத்தது என்றாலும், பிழைத்தால் திட்டு விழுவது அவளுக்குத்தானே.

போன் அடித்தது. முதல் ட்ரக்டரை ஓட்டுகிற றஜிந்தன்.

"அக்கா, உந்த லிஸ்ட் சுத்துது, சுத்துது, சுத்திக்கொண்டே நிக்குது. ஒண்டும் வருகுதில்லை."

"கொஞ்சம் பொறு."

"நான் பொறுப்பன். தண்ணி பொறுக்குமே?"

அவளுக்குக் காரணம் தெரியும். தெரிந்ததால்தான் இவ்வளவு எரிச்சல். மழைக்கு முன்னால், ஆற அமர எழுதியபோது அவள் லேஸி லோடிங் என்கிற முறையில் எழுதியிருந்தாள். அது பெயருக்கேற்ற சோம்பேறி. முதலில் வீட்டுத் தலைவர்களின் பெயரை மட்டும் தரும். கூட இருக்கிறவர்கள் யார் என்று கேட்கும்போதுதான் எழும்பிப் போய், வீடு வீடாக எடுத்து வரும். அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு உப்புக்கு ஒருதரம், புளிக்கு ஒருதரம், தூளுக்கு ஒருதரம் சங்கக்கடைக்கு ஓடுகிற மாதிரி. ஒரு வீட்டை மட்டும் பார்க்கிறவனுக்கு அது போதும். றஜிந்தனுக்கோ நானூறு வீடும், எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் நடக்கமாட்டாதவர் என்பதும் ஒரே நேரத்தில் வேண்டும். அப்படியென்றால் நானூறு தரம் ஓட்டம். அதிலும், இலவசமாகக் கிடைக்கிறதே என்று புரோகிராமை ஒரு நாட்டிலும் டேட்டாபேஸை இன்னொரு நாட்டிலும் வைத்திருந்தாள் இந்தக் கெட்டிக்காரி. ஒவ்வொரு ஓட்டமும் கடல் தாண்டிப் போய் வந்தது.

இதற்கு மருந்து ஈகர் லோடிங். வீட்டையும் அதிலுள்ள ஆட்களையும் இணைத்து ஒரே தரத்தில் அள்ளிக்கொண்டு வா என்று டேட்டாபேஸுக்குச் சொல்லிவிடுவது. மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. வேறு நாளென்றால் மாற்றிவிட்டு நாலு விதமாகச் சோதித்துப் பார்த்திருப்பாள். இன்றைக்கு யாருக்கு நேரம்? பதினொரு மணிக்கு வரியை மாற்றினாள், ஏற்றினாள், றஜிந்தனுக்கு எடுத்தாள்.

"இப்ப பார்."

"ஐயோ அக்கா! கண்ணை மூடித் திறக்க முன்னம் வந்திட்டுது. நீங்கள் இருக்கவேண்டிய ஆள் இல்லை இங்கை."

பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார் தேவராசா, சனசமூக நிலையத் தலைவர். முப்பது வருடம் பஸ்ஸில் ரிக்கெற் கிழித்த மனுசன். தலைகளை எண்ணாவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

"பிள்ளை, கீழை முன்னூத்து எண்பத்தொன்பது வீடெண்டு கிடக்கு. நானூத்திச் சொச்சம் எல்லோ இருந்தது?"

"அண்ணை, லிஸ்ட் கெதியா வந்திட்டுதெல்லோ? உதுகளைப் பேந்து பாப்பம்."

அவள் சிடுசிடுத்த சிடுசிடுப்பில் மனுசன் வந்து இறங்குகிற சனத்தை எண்ணப் போய்விட்டார். ட்ரக்டர்கள் ஓடின. உதவி நம்பருக்கு வருகிற அழைப்புகளைச் சாவகச்சேரியிலிருந்து எடுத்த தொண்டர்களும் இதே பட்டியலைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்கள். வீடுகள் ஒவ்வொன்றாகப் பச்சை நிறத்துக்கு மாறின. தயாளினிக்கு மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. பசியாக இருக்கும் என்று ஒரு பணிஸை எடுத்துக் கடித்தாள், பாதியில் வைத்துவிட்டாள்.

வந்து இறங்குகிற சனத்தை அவள் ஓரக்கண்ணால் பார்த்தபடி இருந்தாள். ஏனென்றால் எந்த ட்ரக்டரிலும் குணலட்சுமி வரலாம். பக்கத்து வீட்டு மனுசி. புருசன் செத்து, மகள்மார் இரண்டு பேரும் கனடா போய், தனியாக இருக்கிறவள். இருவரும் முகம் பார்த்து மூன்று வருடம்.

எல்லாம் ஒரு வேலியால். தயாளினியின் அம்மா இருந்தவரைக்கும் அந்த வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஆள் குனிந்து போய்வரக்கூடிய அந்த வழியால் கறிச்சட்டி போகும், வரும். அம்மா போன பிறகு வேலி அடைத்தபோது கதியால் தடிகள் அரை முழம் தள்ளி நடுபட்டுப்போயின. யார் பக்கம் தள்ளியது என்பது பிணக்குத் தீர்க்கிற இணக்கசபைக்கே விளங்கவில்லை. சுவிஸிலிருந்து கூடப்பிறந்த அண்ணை "விடாதை, விடாதை" என்று உசுப்பேற்ற, தயாளினி அந்தப் பொட்டைத் தகரம் வைத்து அடைத்தாள். குணலட்சுமி வேலிக்கு மேலால் ஏசினாள். அது காணாதென்று போனிலும் ஏசினாள். தயாளினி அந்த நம்பரை புளொக் பண்ணினாள். பட்டியலுக்குப் பெயர் எழுதியபோதுகூட, 'குணலட்சுமி, வயது அறுபத்தொன்று, தனியாள்' என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் அடித்தாள். வந்து எதிரில் நின்றால் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்பதுதான் இப்போது அவளுடைய யோசனை.

ஒரு மணிக்கு றஜிந்தன் நனைந்த கோழியாக வந்து நின்றான்.

"முடிஞ்சுது அக்கா. லிஸ்டிலை ஒருத்தர் மிச்சமில்லை."

குணலட்சுமி வரவில்லையே என்று அவள் நினைத்தாள். மகள்மார் யாரையாவது பிடித்து ஓட்டோ அனுப்பியிருப்பார்கள். போகட்டும். தன் வீட்டையும் பச்சையாக்கிவிட்டுக் கணக்கை முடிப்போம் என்று பட்டியலில் தன் பெயரைத் தேடினாள்.

இல்லை.

எழுத்துப் பிழையோ என்று திரும்ப அடித்தாள். இல்லை. தன் ஒழுங்கையை எடுத்துப் பார்த்தாள். ஒழுங்கையின் கடைசி இரண்டு வீடுகளும் இல்லை. ஒன்று அவளுடையது. மற்றது குணலட்சுமியுடையது.

வீட்டையும் ஆட்களையும் இணைத்துக் கொண்டு வா என்று அவள் சொன்னாள். அது சொன்னதைச் செய்தது. வீட்டுத் தலைவரோடு இணைக்க இன்னொரு ஆள் இல்லாத வீடுகளை அப்படியே விட்டுவிட்டு வந்தது. ஆறுதலாக வந்த பட்டியலில் எல்லாரும் இருந்தார்கள், அவசரமாக வந்ததில் தனியாட்கள் இல்லை. பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு போய்விட்ட ஊரில் தனியாட்களுக்கா பஞ்சம்! வேறு ஊர்க்காரி எழுதியிருந்தால் தெரியாமல் செய்துவிட்டாள் எனலாம். மூன்று வருடமாக ஒற்றைக் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கிறவள் இதை மறக்கலாமா?

"அண்ணை," என்றாள், பழைய பட்டியலோடு ஒத்துப் பார்த்துவிட்டு. "நீங்கள் எண்ணினது சரி. இருபத்து மூண்டு வீடு விடுபட்டுப் போச்சு. என்ரை பிழை."

தேவராசா ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெயர்களை வாசிக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக ஆள் பிரித்தார். பன்னிரண்டு பேர் தாங்களாகவே நடந்து பாடசாலைக்கு வந்திருந்தார்கள். ஐந்து பேர் சொந்தக்காரர் வீட்டில். நாலு பேரை றஜிந்தன் அரை மணித்தியாலத்துக்குள் போய் ஏற்றி வந்தான். தயாளினியைக் கழித்தால் மிச்சம் ஒரே ஒருத்தி.

"உங்கடை ஒழுங்கைக்குள்ளை இப்ப ட்ரக்டர் இறங்காது அக்கா," என்றான் றஜிந்தன். "முதல் போகேக்கை, லிஸ்டிலை இருந்த கடைசி வீட்டோடை திருப்பிப்போட்டம். அந்த வளைவுக்கு அங்காலை போகவேயில்லை."

தேவராசா குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, சனம் என்ன கதைக்கும் தெரியுமே? வேலிச் சண்டையிலை பேரை வெட்டிப்போட்டாள் எண்டுதான் கதைக்கும்."

"கதைக்கட்டும் அண்ணை! மனுசி இருந்தால் காணும்."

போனைத் திறந்து, புளொக் பண்ணிய நம்பர்களைப் பார்த்தாள். குணலட்சுமி இன்றைக்கு மூன்று தரம் எடுத்திருந்தாள். பதினொன்று நாற்பது. பதினொன்று ஐம்பத்திரண்டு. பன்னிரண்டே கால். தயாளினி உடனே திருப்பி எடுத்தாள். போன் நிறுத்தப்பட்டிருந்தது. பாவி, மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறாளே என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

கச்சாயிலிருந்து கனிசியஸ் என்கிற கடற்றொழிலாளி தன் வள்ளத்தை ட்ரக்டர் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து உதவிக்கு நின்றார். தயாளினி போய் அதில் ஏறினாள்.

"நீந்தத் தெரியுமே தங்கச்சி?"

"தெரியாது."

"பேந்தேன் வாறீர்?"

"எனக்கு இங்கை இருக்கேலாது அண்ணை."

ஒழுங்கை வாசலில் வள்ளத்தை இறக்கினார்கள். வேலிகளுக்கு நடுவே, மண்ணிறத் தண்ணீரில், கனிசியஸ் தடியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார். செருப்பும் தேங்காயும் ஒரு பிளாஸ்ரிக் வாளியும் எதிரே மிதந்து வந்தன. குணலட்சுமியின் வீட்டு வாசற்கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர். கட்டில் மிதந்தது. ஆளில்லை.

மூன்று வருடமாகத் தயாளினியின் நாக்கில் வராத சொல் தானாக வந்தது.

"மாமி! குணமாமி!"

மழைச் சத்தம் மட்டும்.

"மாமி! ஐயோ, எங்கை நிக்கிறியள்?"

"ஏன்டி கத்துறாய்? இங்கை!"

சத்தம் வந்தது தயாளினியின் வீட்டுப் பக்கமிருந்து. திரும்பிப் பார்த்தாள். வேலியில் கதியால்கள் பிடுங்கிக் கிடந்தன. பொட்டை அடைத்த தகரம் சுருண்டு தண்ணீரில் தொங்கியது. அவளுடைய வீட்டின் முன்கதவு பூட்டோடு உடைந்து கிடக்க, வெளிப்பக்க மொட்டைமாடிப் படியின் மேல்தட்டில் குணலட்சுமி இருந்தாள். உடம்பெல்லாம் சேறு. தகரம் வெட்டிய காலில் சீலைத் துண்டைச் சுற்றியிருந்தாள். மடியில் கனத்த இரும்பு அலவாங்கு.

"எடியே, நீ வெளியிலையோ நிண்டனீ?" மனுசி அலவாங்கை ஊன்றி எழும்பினாள். "உள்ளுக்கை கிடக்கிறாயெண்டு நினைச்செல்லோ நான் கதவை உடைச்சனான். நேரங்காலமில்லாமல் படுக்கிற பெட்டை, தண்ணி வந்ததும் தெரியாமல் கிடக்குதெண்டு. போன் அடிச்சன், எடுக்கேல்லை. உதவி நம்பருக்கு அடிச்சு, பக்கத்து வீட்டுப் பிள்ளை தயாளினியை ஏத்திப்போட்டியளோ எண்டு கேட்டன். அப்பிடி ஒரு பேரே லிஸ்டிலை இல்லையாம்."

"உங்கடை பேரைக் கேக்கேல்லையோ மாமி?"

"என்ரை பேரை நான் ஏன் கேப்பன்? நான் இருக்கிறது எனக்குத் தெரியுந்தானே. உன்னைத்தானே காணேல்லை." அலவாங்கைப் படியில் ஓங்கிக் குத்தினாள். "ஒரு ஆளை அப்பிடியே இல்லாமல் ஆக்கிப்போட்டு இருக்கிறாங்கள். ஆரடி உந்த லிஸ்ட் எழுதின விசரி?"

கனிசியஸ் வள்ளத்தைப் படியோடு அணைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

"நான்தான் மாமி," என்றாள் தயாளினி. சொல்லி முடிக்க முதலே அழுகை வந்துவிட்டது. சின்னப்பிள்ளை மாதிரி, மூக்கு ஒழுக ஒழுக அழுதாள்.

குணலட்சுமி காலை நொண்டி நொண்டி இறங்கி, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தாள்.

"சரி, கையைத் தா. கதவும் போச்சு, வேலியும் போச்சு. பேந்து என்னை இணக்கசபைக்கு இழுக்காதை."

தயாளினி இரண்டு கையாலும் அவளைப் பிடித்து ஏற்றினாள். பிடித்த கையை விடவில்லை. வள்ளம் ஒழுங்கை வாசலை நெருங்கியபோது போன் அடித்தது. தேவராசா. மனுசன் இன்னும் எண்ணி முடிக்கவில்லை.

"பிள்ளை, ஆள் இருக்கோ?"

"இருக்கிறா அண்ணை," என்றாள் தயாளினி. "ரெண்டு பேரும் இருக்கிறம்."