இடது மரை

லேத் டீச்சரின் பட்டறையில் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: மோதிரத்தோடு எவளும் மெஷின் பக்கம் வரக்கூடாது. இரும்பு கடையச் சுற்றுகிற லேத்தில் மோதிரம் சிக்கினால் விரலையே அறுத்துக்கொண்டு போகும். சட்டம் மாணவிகளுக்கு. டீச்சரின் மோதிரமோ, விரல் பெருத்துப்போனதில், யானையைக் கட்டி இழுத்தாலும் வராது.

அன்று இரு நாட்டு ஒப்பந்தத்தின் முதல் சோதனை. இங்கே டீச்சர் போல்ட்டு கடைய வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கத்துப் பயிற்சிப் பள்ளி நட்டு செய்து அனுப்பும். அதிகாரிகள் முன்னால் இரண்டும் பொருந்தினால், மாணவிகளின் சான்றிதழ் இரு நாட்டிலும் செல்லும். பொருந்தாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு.

சாப்பாட்டுக்குப் பிறகு கதை பேசிக்கொண்டே கடைந்ததில், டீச்சர் மரையின் திசையை மாற்றும் நெம்புகோலைத் திருப்ப மறந்துவிட்டாள். வழக்கமான வலப்பக்கத்துக்குப் பதில் மரை இடப்பக்கமாக விழுந்துவிட்டது! வாசலில் அதிகாரிகளின் கார்.

ஸ்டோர் பார்க்கும் கொழுந்தன் சிரித்தான். "அண்ணி, அண்ணனைத்தான் தலைகீழா ஆட்டிவைப்பீங்கன்னு நெனச்சேன்."

"வாயை மூடிட்டு நட்டு வந்த பார்சலை எடு தம்பி. மானம் போகட்டும், சீக்கிரமா போகட்டும்."

போன வாரமே வந்து, சீல் உடையாமல் கிடந்த பார்சல். உள்ளிருந்த நட்டை டீச்சர் அதிகாரிகள் முன்னால் போல்ட்டின் முனையில் வைத்தாள். அது இடப்பக்கமாகச் சுழன்று, வெண்ணெயில் விரல் போனதுபோல் இறங்கியது.

கைதட்டலில் கூரைத் தகரம் பறந்திருக்கும். சான்றிதழ்களில் முத்திரை விழுந்தது. "அடுத்த சோதனைக்கும் இப்பவே வேலையை ஆரம்பிச்சிடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அதிகாரிகள் போனார்கள்.

நன்றி சொல்ல டீச்சர் வீடியோவில் அழைத்தாள். அந்தப் பள்ளி டீச்சரின் முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. எங்க மெஷின் ரிப்பேரு. நட்டு பாதியில நிக்குது. நாங்க இன்னும் எதுவுமே அனுப்பலயே!"

கொழுந்தன் பார்சலின் காலிப் பெட்டியைக் கவிழ்த்தான்; காலியாக இல்லை. டங்கென்று விழுந்தது ஓர் எஃகு விரல். அடியில் குழிவாக, அறுபட்ட விரலின் மேல் மாட்டுகிற மாதிரி.

டீச்சர் தன் மோதிர விரலை அதன் பக்கத்தில் வைத்தாள். மோதிரத்திலிருந்து நுனிவரை ஒரே நீளம். நகத்திலிருந்த கீறல்கூட அப்படியே இருந்தது.

போல்ட்டுக்கு முன்பே நட்டு வந்துவிட்டது. இது எதற்கு முன்பே வந்திருக்கிறது?

அவளுக்குப் பின்னால், யாரும் தொடாத லேத் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.

"தம்பி," என்றாள் டீச்சர், திரும்பிப் பார்க்காமல். "மெயினை அணைச்சிட்டு, சோப்பு கொண்டா. ஓடு!"