எட்டு வாரத்துக்குப் பிறகு

ஃபெபிக்குப் பத்து வயதாக இருக்கும்போது அவள் அப்பா மாரடைப்பில் செத்துப்போனார். அவருக்கு நாற்பத்தொன்பது வயதுதான். அதன் பிறகு அவளைப் படிக்கவைத்தது பத்து வயது மூத்த அண்ணன் ஜாபெஸ். ஏற்காட்டில் ஒரு சின்ன கிளினிக்கின் லேபில் அவளுக்கு வேலை கிடைத்தபோது முதல் ஆளாக வந்து கையை நீட்டியவனும் அவன்தான்.

"என் ரத்தத்த எடுத்துப் பழகிக்க கண்ணு."

கெட்ட கொழுப்பு இருநூற்றுப் பத்து என்று காட்டியது. அவள் நம்பாமல் இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்தாள். ஜாபெஸ் ஒல்லியான ஆள், பீடி சிகரெட் கிடையாது. செம்மநத்தத்துப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதுகிற ரைட்டராக நாள் முழுக்க மேடேறி இறங்குகிறவன். சேலத்து இதய டாக்டர் அவனைக் கேள்விமேல் கேள்வி கேட்டுவிட்டுச் சொன்னார்: "இது உங்க குடும்பத்துல வர்ற கொழுப்பு. பட்டினி கெடந்தாலும் போதுமான அளவு எறங்காது. இந்த மாத்திரைய நிறுத்தவே கூடாது."

மூன்று வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டான். கொழுப்பு பாதிக்குப் பாதி இறங்கியது. பிறகு கால் சதையில் வலி ஆரம்பித்தது. மேட்டில் பாதி வழியில் நின்று தொடையைப் பிடித்துக்கொள்வான். டாக்டர் மறுபடி ரத்தம் பார்த்தபோது வைட்டமின் டி மிகவும் குறைந்திருந்தது. வெளியில் திரிகிறவனுக்கு எப்படி என்று ஃபெபிக்கு ஆச்சரியம். நிழல்மரத்துக்கு அடியிலேயே வேலை, விடிந்து வெகுநேரம் பனி, முழுக்கை ஸ்வெட்டர். வெயில் எங்கே படும்?

"வலி அந்த மாத்திரையாலயும் வரலாம். கொழுப்பு மாத்திரைய எட்டு வாரம் மட்டும் நிறுத்துங்க. வாரம் ஒண்ணா இந்த வைட்டமின் சாப்பிடுங்க. அப்புறம் கட்டாயம் வரணும், வேற கொழுப்பு மாத்திரை ஆரம்பிக்கணும்" என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் பாலோடு ஒரு மாத்திரை. எட்டாவது வாரம் கால்வலி சுத்தமாகப் போய்விட்டது. அப்போது எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற நேரம். ஜாபெஸ் லேபுக்கு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுத் தங்கையிடம் கேட்டான்.

"ஏங்கண்ணு, இந்த வைட்டமினே கொழுப்பையும் கொறைச்சுரும்னு படிச்சதாச் சொன்னியே, நெசந்தானா?"

"ஆமாண்ணா, போன்ல பார்த்தேன். இது கம்மியா இருக்கறவங்களுக்குத்தான் நெஞ்சு நோவு ஜாஸ்தி வருதாம்."

"அப்ப இப்பவே சேலம் போவோணுமா? ஆளுக எல்லாம் தோட்டத்துல நிக்குது."

சோதனையில் வைட்டமின் நல்ல அளவுக்கு ஏறியிருந்தது. கொழுப்பு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. வைட்டமின் கணக்கை முதலில் சொன்னாள். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு மற்றதை அழுத்திச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"கொழுப்பு கொஞ்சம் இருக்குது. மெல்ல எறங்கிரும்ணா. பழம் எடுத்து முடிங்க, அப்பறமாப் போலாம்."

ஜனவரி மூன்றாம் வாரம், காலை பத்து மணிக்கு எஸ்டேட் ஜீப் கிளினிக் வாசலில் வந்து நின்றது. அந்தக் குளிரிலும் ஜாபெஸின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ஈசிஜி பார்த்த கிளினிக் டாக்டர் உடனே சேலம் என்றார். ஆம்புலன்ஸில் ஃபெபி அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏஞ்சாமி அழுவற? கால் வலிக்கலையே எனக்கு" என்றான்.

மலை இறங்கி முடிவதற்குள் போய்விட்டான். எந்தக் கொண்டை ஊசி வளைவில் என்று பின்னால் பலர் கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்த பத்தாம் நாள் அவள் தனியாகச் சேலம் போய் அந்த டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"வைட்டமின் கம்மியா இருக்கறவங்களுக்கு இதய நோய் அதிகமா இருக்குதுங்கறது சரிதாம்மா. ஆனா அதைக் குடுத்தா நோய் தடைபடுமான்னு பெரிய பெரிய ஆய்வு பண்ணிப் பார்த்துட்டாங்க. மாரடைப்பு குறையல. கொழுப்புலயும் பெரிசா மாத்தமில்ல. அது எலும்புக்கும் சதைக்கும். மாத்திரை எடுத்திருந்தா கட்டாயம் பொழைச்சிருப்பாருன்னு நான் சொல்ல முடியாது. எடுத்திருக்கணும், அவ்வளவுதான் சொல்லலாம்." பிறகு கேட்டார், "அவருக்குக் குழந்தைங்க இருக்காங்களா?"

பதினான்கு வயதில் எஸ்லின் இருந்தாள். அப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டர்.

அதைச் சொல்ல வேண்டுமானால் மற்றதையும் சொல்லியாக வேண்டும். மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணி லூர்துசெல்வியின் எதிரில் நின்றபடியே சொன்னாள். நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்ற கணக்கையும் மறைக்கவில்லை. லூர்துசெல்வி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அதில் அவன் சட்டையும் இருந்தது.

"நான் சேலம் போங்க போங்கன்னு நச்சரிச்சேன்" என்றாள் லூர்துசெல்வி. "என் தங்கச்சியே பார்த்துச் சொல்லிட்டா, அவளுக்குத் தெரியாததான்னாரு. உன்ர பேச்ச நொம்ப நம்புனாரு, ஃபெபி."

"தப்புத்தானுங்க அண்ணி."

"புள்ளைய நானே சேலம் கூட்டிட்டுப் போறேன். அவ கையில நீ ஊசி போட வேண்டாம்."

ஃபெபி தலையை ஆட்டிவிட்டு இறங்கி நடந்தாள். பஸ்ஸுக்கு நிற்கத் தோன்றாமல் பாதி வழி நடந்தே வந்தாள். லேபில் அன்று வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு கணக்கையும் இரண்டு முறை படித்துக்காட்டினாள்.

ஒன்பது நாள் கழித்து எஸ்லின் போன் செய்தாள்.

"அத்தை, எனக்கும் இருக்குதாம். எரநூத்திமூணு."

"மாத்திரை குடுத்தாங்களா கண்ணு?"

"குடுத்தாங்க. நேத்திருந்து சாப்பிடறேன். அம்மா பக்கத்துலயே நின்னு பார்க்கறாங்க. அப்பாவுக்கும் இதேதானா அத்தை?"

"இதேதான் சாமி."

அந்தப் பக்கம் போன் கைமாறியது. லூர்துசெல்வி பேசினாள்.

"நாளைக்கு இவ கால் வலிக்குதுன்னு சொன்னாலும் உங்கிட்டக் கேக்க மாட்டேன். சேலத்துக்குத்தான் போவேன்."

"அப்படியே செய்ங்க அண்ணி. என்னையக் கேக்காதீங்க."

 லூர்துசெல்வி போனை வைக்கவில்லை. அவள் அழுவது கேட்டது. ஃபெபியும் வைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றாள்.